ஆர்டர் ஃபைலைப் படிக்க ஏஐ: ஒரு திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தின் அனுபவம்

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசிங் பிரிவை (பையரிடம், அதாவது வாங்கும் நிறுவனத்திடம், பேசி ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தும் பிரிவு) நான் கவனித்துவருகிறேன். எங்கள் வேலைக்குள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தபோது எது கைகொடுத்தது, எதை ஒத்திப்போட்டோம், எதை வேண்டவே வேண்டாம் என்று மறுத்தோம் என்பதை, இதே யோசனையில் இருக்கும் மற்ற நிறுவனத்தாருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஏஐ என்றதும் தானாகத் தைக்கும் இயந்திரமும் தானாக விலை பேசும் மென்பொருளும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கு அது உண்மையில் உதவியது, ஆர்டர் ஃபைலில் இருக்கும் காகிதங்களைப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் வேலையில்.

இந்த வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது திருப்பூர் இயங்கும் விதத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு டி-ஷர்ட் இங்கே பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் வாங்கி நிட்டிங்குக்கு (பின்னுவதற்கு) அனுப்புகிறோம், கோரா துணி (சாயமிடாத துணி) டையிங்குக்குப் (சாயமிட) போகிறது, அங்கிருந்து துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங், வெட்டிய பாகங்கள் பிரிண்டிங்குக்கும் எம்ப்ராய்டரிக்கும் போய்த் திரும்புகின்றன, அதன் பின்னர்தான் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இவற்றில் பெரும்பகுதி ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்டுகள் கூலிக்குச் செய்து தருவது. ஒவ்வோர் இடத்துக்கும் துணியோடு ஒரு டிசியும் (டெலிவரி சலான்), செய்ய வேண்டியதைச் சொல்லும் ஒரு குறிப்பும் போகின்றன. இந்தக் குறிப்புகள் அனைத்துக்கும் மூலம் பையர் அனுப்பும் டெக் பேக். அளவுப் பட்டியல், துணி விவரம், தையல் விவரம், லேபிள் வைக்கும் இடம், பேக்கிங் முறை என்று பல பக்கங்கள் கொண்ட அந்தக் கோப்பு, சாம்பிள் போகப் போகத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். சில திருத்தங்கள் புதிய டெக் பேக்காக வரும். சில மின்னஞ்சலின் நடுவில் ஒரு வரியாக வரும். சில, சாம்பிளில் கட்டி அனுப்பிய சீட்டில் கையெழுத்தில் இருக்கும்.

தையலில் நேரும் தவறும் காகிதத்தில் நேரும் தவறும் ஒரே தன்மையுடையவை அல்ல. 5,000 பீஸ் ஆர்டருக்கு ஏக்யூஎல் 2.5 முறையில் (ஏற்கத்தக்க குறை அளவை வைத்து, மாதிரி எடுத்துப் பார்க்கும் முறை) இறுதி ஆய்வு நடக்கும்போது, ஆய்வாளர் பொதுவாக 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார். குறையுள்ள பீஸ் 10 வரை இருந்தால் சரக்கு ஏற்கப்படும், 11 ஆகிவிட்டால் நிராகரிக்கப்படும். ஒரு டைலர் கைதவறினால் அது சில பீஸில் தெரியும், செக்கிங்கில் பிடித்து ஆல்டர் செய்துவிடலாம். ஆனால் அளவுப் பட்டியலின் பழைய பிரதியை வைத்துப் பேட்டர்ன் (வெட்டும் வடிவம்) போட்டுவிட்டால் 5,000 பீஸும் ஒன்றுபோல் தவறாக வரும், 200 பீஸ் எடுத்தாலும் 200-லும் அதே குறை இருக்கும், அதை எந்தச் செக்கராலும் சரிசெய்ய முடியாது. அதன் பின் மீதமிருக்கும் வழிகள் மூன்று: பையர் கேட்கும் தள்ளுபடியைக் கொடுப்பது, டெபிட் நோட்டை (பையர் நம் தொகையில் பிடித்தம் செய்யும் சீட்டு) ஏற்பது, அல்லது மறுபடியும் துணி போட்டுத் தைத்து, கப்பலைத் தவறவிட்டு, விமானத்தில் அனுப்புவது. மூன்றில் எதை எடுத்தாலும் அந்த ஆர்டரின் லாபம் போய்விடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, பையர்கள் கேட்ட விலைக்குறைப்பில் எங்கள் ஊரில் பல நிறுவனங்களின் லாபம் கரைந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு காகிதத் தவறைத் தாங்கும் இடம் யாரிடமும் இருக்காது.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, எங்கள் அலுவலகத்திலும் பையருக்கு மின்னஞ்சல் எழுத அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆங்கிலம் எழுதத் தயங்கிய இளம் மெர்ச்சண்டைசர்களுக்கு அது நல்ல துணையாக இருந்தது. அடுத்து, ஏஐ சேர்த்த முழு ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் மென்பொருள்) என்று சொல்லி மென்பொருள் விற்பவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு நிறுவனத்தார் காட்டிய செயல்விளக்கம் கண்ணைக் கவர்ந்தது. டெக் பேக்கை உள்ளே போட்டால் துணித் தேவை, டிரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை) பட்டியல், தயாரிப்புக் கால அட்டவணை எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் முதலாளி அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க ஃபைலு வேண்டாமுங்க, நாங்க குடுக்கறத ஓட்டிக் காட்டுங்க." ஏற்கெனவே ஷிப்மென்ட் முடிந்துபோன, எங்கெங்கே சிக்கல் வந்தது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பழைய ஆர்டர்களின் கோப்புகளைக் கொடுத்தோம். சாய்வாக ஸ்கேன் செய்த பக்கங்கள், இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கும் அட்டவணை, ஒரே ஸ்டைல் எண்ணில் இரண்டு திருத்தங்கள் என்று எங்கள் அன்றாடக் காகிதங்கள் இருக்கும் நிலையில் அந்த மென்பொருளால் அவற்றைக் கையாள முடியவில்லை. பழைய திருத்தத்தையும் புதியதையும் கலந்து ஒரே பட்டியலாகக் கொடுத்தது.

இதை அந்த நிறுவனத்தைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை. எங்களுக்கு அன்று கிடைத்த சோதனை முறை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். விற்பவர் கொண்டுவரும் மாதிரியை ஒருபோதும் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடை தெரிந்த உங்கள் பழைய கோப்பைக் கொடுங்கள். அதிலும், பணம் இழந்த கோப்பையே கொடுங்கள். அந்த இழப்பை முன்கூட்டியே சுட்டிக்காட்டியிருக்குமா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் போதும், மற்ற சிறப்பம்சங்களைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியில் பெரிய மென்பொருள் எதையும் வாங்கவில்லை. பொதுவாகக் கிடைக்கும், சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி ஒன்றின் வணிகக் கணக்கை எடுத்துக்கொண்டு, காகிதங்களை ஒப்பிடும் வேலையை மட்டும் அதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். மாதக் கட்டணம் ஒரு மெர்ச்சண்டைசரின் சம்பளத்தில் சிறு பங்குதான். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியிருந்த வேலைதான் மாதக்கணக்கில் இழுத்தது. எந்தக் காகிதம் கடைசியானது என்று எங்களுக்கே உறுதியாகத் தெரியாதபோது எந்த இயந்திரம் ஒப்பிட்டு என்ன பயன்? ஒரு ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் டெக் பேக்கின் ஒவ்வொரு திருத்தமும் வந்த தேதியுடன், சாம்பிள் குறித்துப் பையர் சொன்ன கருத்துகள் தனியாக, கையெழுத்துச் சீட்டுகள் நேராக வைத்துப் படமெடுத்து என்று ஒழுங்கு செய்தோம். வாட்ஸ்அப்பில் வந்த திருத்தங்கள்தான் மிகவும் சிரமப்படுத்தின. பையரின் ஏஜென்ட் இரவில் ஒரு குரல் பதிவு அனுப்புவார். அதை மறுநாள் காலையில் மெர்ச்சண்டைசர் சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொல்வார். எழுத்தில் எங்கும் இருக்காது. குரல் பதிவில் வரும் எந்தத் திருத்தத்தையும் அன்றே மின்னஞ்சலாக எழுதி, ஏஜென்டிடம் ஒப்புதல் வாங்கி ஃபோல்டரில் போட வேண்டும் என்று விதி வைத்தோம். இந்த ஒரு விதியே, ஏஐ வராமல் இருந்திருந்தாலும், எங்களுக்குப் பலன் தந்திருக்கும் என்பது என் கருத்து.

ஒப்பிடும் வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். குழந்தைகளுக்கான வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. டெக் பேக்கின் இரண்டாம் திருத்தம் வந்தது. உடன் வந்த மின்னஞ்சலில், முன்புற பிரிண்டின் இடத்தை 1 செ.மீ மேலே ஏற்ற வேண்டும், வாஷ் கேர் லேபிளில் நாட்டின் பெயர் சேர்க்க வேண்டும் என்ற இரண்டு மாற்றங்கள் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. மெர்ச்சண்டைசர் அந்த இரண்டையும் குறித்துக்கொண்டு, வழக்கப்படி இரண்டு திருத்தங்களையும் ஒப்பிடக் கொடுத்தார். வந்த பட்டியலில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது: கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) உயரம் முதல் திருத்தத்தில் 2 செ.மீ, இரண்டாம் திருத்தத்தில் 1.5 செ.மீ, பக்கம் 7, வரி 14. மின்னஞ்சலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டிங் மாஸ்டரிடம் காட்டியபோது அவர் நம்பவில்லை. "இது போன ஆர்டர் ரிப்புதானுங்களே, அதே பையரு, அதே கழுத்துதானே?" என்றார். ரிப்பை இரண்டாக மடித்துத் தைப்பதால் உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தால் வெட்டும் அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் குறையும். பையரிடம் கேட்டு எழுதினோம், 1.5 செ.மீ தான் சரி, வடிவமைப்புப் பிரிவு மாற்றியதை மின்னஞ்சல் எழுதியவர் கவனிக்கவில்லை என்று பதில் வந்தது. ரிப் வெட்டுவதற்கு முன்பே தெரிந்ததால் செலவு எதுவும் இல்லை. தைத்து முடித்த பிறகு தெரிந்திருந்தால் ஒவ்வொரு பீஸிலும் கழுத்தைப் பிரித்திருக்க வேண்டும். கழுத்துப் பிரித்த பீஸ் பழைய வடிவத்துக்கு வராது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மனிதக் கண் இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கும், அனுபவமுள்ள மெர்ச்சண்டைசர் நிதானமாக உட்கார்ந்து இரண்டு கோப்புகளையும் வரி வரியாகப் பார்த்தால் பிடித்துவிடுவார். ஆனால் அவர் கையில் ஒரே நேரத்தில் பல ஆர்டர்கள் ஓடுகின்றன; ஒரு பக்கம் டையிங்கிலிருந்து லேப் டிப் (நிற மாதிரித் துண்டு) வரவில்லை, இன்னொரு பக்கம் பட்டன் வந்த நிறம் வேறு, நடுவில் பையரின் அழைப்பு. மின்னஞ்சலில் இரண்டு மாற்றம் என்று சொன்னால் அந்த இரண்டை மட்டும் பார்ப்பது இயல்பு. சலிக்காமல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் பார்ப்பதுதான் இயந்திரத்திடம் நாம் வாங்கக்கூடிய மதிப்புள்ள வேலை.

அதே இயந்திரம் எங்களை ஆபத்தின் விளிம்புக்கும் கொண்டுபோனது. ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டரில் அளவுப் பட்டியல் எஸ் முதல் எக்ஸ்எல் வரை ஒரு பக்கத்திலும், டபுள் எக்ஸ்எல் அடுத்த பக்கத்திலும் இருந்தது. அந்த இரண்டாவது பக்கம் ஸ்கேனில் விடுபட்டுப் போயிருந்தது. பட்டியலை எக்செல் வடிவத்துக்கு மாற்றிக் கொடு என்று கேட்டபோது டபுள் எக்ஸ்எல் பத்தியும் முழுமையாக நிரம்பி வந்தது. முந்தைய அளவுகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தை அப்படியே கூட்டி அது தானாகப் போட்டிருந்தது. மார்பு அளவு, உடல் நீளம் எல்லாம் பார்ப்பதற்கு முற்றிலும் பொருத்தமாக இருந்தன. எங்கள் பேட்டர்ன் பிரிவில் இருக்கும் பெண்தான் அதைப் பிடித்தார். அந்தப் பையர் எக்ஸ்எல்லுக்கு மேல் கழுத்து அகலத்தைக் கூட்டுவதில்லை என்பது பல ஆர்டர்களைப் பார்த்த அவருக்குத் தெரியும். பட்டியலில் கழுத்து அகலமும் கூடியிருந்ததைப் பார்த்து மூலக் காகிதத்தைக் கேட்டார். அங்கே அந்தப் பக்கமே இல்லை.

மொழி மாதிரிகள் அடுத்து வரக்கூடியது எது என்று கணித்து எழுதுபவை. விடுபட்ட இடத்தைப் பொருத்தமான ஒன்றால் நிரப்புவது அவற்றின் இயல்பிலேயே இருக்கிறது. அபத்தமான எண்ணைப் போட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சரியாகத் தோன்றும் எண்ணைப் போடுவதுதான் அச்சமூட்டுகிறது. அதன் பிறகு நாங்கள் வைத்த விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. இயந்திரம் தரும் ஒவ்வோர் எண்ணுக்கும் அது எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். காகிதத்தில் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, இல்லை என்று எழுத வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வோர் ஆர்டருக்கும் முதலில் கொடுக்கும் கட்டளையிலேயே சேர்த்துவிட்டோம். கட்டளை கொடுத்தால் மட்டும் போதாது, அது மீறப்படுவதும் உண்டு என்பதால், மெர்ச்சண்டைசர் மூலக் காகிதத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே பட்டியல் பேட்டர்ன் பிரிவுக்குப் போகும். கையெழுத்திட்டவரே பொறுப்பாளர். கம்ப்யூட்டர் சொன்னது என்ற பதிலை எங்கள் நிறுவனத்தில் யாரும் சொல்ல முடியாது. அது கடுமையாகத் தோன்றினாலும், இந்த ஒன்றைத் தளர்த்தினால் மற்ற அனைத்தும் சரிந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கணக்குப் போடும் வேலையையும் அதனிடம் விடவில்லை. துணித் தேவைக் கணக்கு எளிமையானதுதான். உடல் நீளம் 72 செ.மீ, கை நீளம் 22 செ.மீ, மடிப்புக்கும் தையலுக்கும் 10 செ.மீ, ஆக 104. மார்பு அரைச்சுற்று 54 செ.மீ, தையலுக்கு 4 செ.மீ, ஆக 58. இரண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கினால் 12,064 சதுர செ.மீ, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணிக்கு அது ஏறத்தாழ 217 கிராம், 10 விழுக்காடு கழிவு சேர்த்தால் ஒரு பீஸுக்கு 239 கிராம். இதை எக்செல் எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடையாகத் தரும். மொழி மாதிரி பெரும்பாலும் சரியாகப் போடும், ஒரு முறை பிசகும். பீஸுக்கு 10 கிராம் பிசகினால் 5,000 பீஸுக்கு 50 கிலோ துணி. ஆகவே காகிதத்திலிருந்து அளவை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை, கணக்கு எக்செல்லின் வேலை, கழிவு விழுக்காட்டை முடிவு செய்வது கட்டிங் மாஸ்டரின் வேலை என்று பிரித்துவைத்திருக்கிறோம். துணியின் டயா (அகலம்) என்ன, மார்க்கர் (வெட்டும் பாகங்களைத் துணியில் அடுக்கும் வரைபடம்) எப்படி விழும், அந்த டையிங்கில் துணி எவ்வளவு சுருங்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. எந்தக் காகிதத்திலும் இல்லை.

தையல் பிரிவுக்குக் கொடுக்கும் குறிப்புகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுவதற்கும் இதைப் பயன்படுத்துகிறோம். திருப்பூரில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இல்லாமல் தையல் லைன் ஓடாது. முன்பு ஆங்கிலக் குறிப்பைப் பார்த்துச் சூப்பர்வைசர் சொல்வதே அவர்களுக்குச் சட்டம். இயந்திரம் எழுதித் தந்ததை அப்படியே ஒட்டாமல், லைனில் பேசும் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அந்தச் சொற்களை மட்டுமே பயன்படுத்தச் சொன்னோம். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர், ஷோல்டர் அட்டாச் எல்லாம் எல்லா மொழியிலும் அப்படியே இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் அந்தந்த மொழி பேசும் மூத்த டைலர் ஒருவர் சத்தமாகப் படித்துப் பார்க்கிறார். அவர் தயங்கும் இடத்தை மாற்றுகிறோம்.

ஆட்களின் மனநிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. ஒப்பிடும் வேலையை இயந்திரம் செய்கிறது என்று தெரிந்தவுடன் இளம் மெர்ச்சண்டைசர்கள் அஞ்சினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. இதனால் யாரையும் வேலையிலிருந்து எடுக்கப்போவதில்லை என்று முதலாளி கூட்டம் போட்டுச் சொன்னார், இன்றுவரை அதைக் காப்பாற்றுகிறார். மிச்சமாகும் நேரத்தை டையிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஒதுக்கினோம். மேசையிலேயே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்போது கை பிரிண்டில் ஸ்கிரீன் எப்படி நகர்கிறது, ஏன் பிளேஸ்மென்ட் (பிரிண்ட் விழும் இடம்) மாறுகிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் அவர்கள் பையருக்கு எழுதும் பதில்களில் தெளிவு கூடியிருக்கிறது. எங்கள் மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர் முதலில் இதை ஒதுக்கியே வைத்திருந்தார். பழைய ஆர்டர்களில் எங்கெங்கே தவறு நேர்ந்தது என்று அவரிடம் கேட்டு, அந்தக் கேள்விகளையே இயந்திரத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலாக மாற்றினோம். பிரிண்ட் இருக்கும் ஸ்டைலில் அளவுக்கேற்பப் பிரிண்டின் அளவும் மாறுகிறதா, செட் பேக்கிங்கில் ரேஷியோ (அளவுகளின் விகிதம்) பிஓவோடு (பையரின் கொள்முதல் ஆணை) ஒத்துப்போகிறதா என்பன போன்ற கேள்விகள் எந்த மென்பொருளிலும் கிடைக்காதவை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் பட்டுத் தெரிந்துகொண்டவை. இப்போது புதிய பையர் வந்தால் அவரே முதலில் பட்டியலைத் திருத்துகிறார்.

வேறொரு யோசனையை நாங்கள் மறுத்துவிட்டோம். ஒவ்வொரு தையல் மெஷினுக்கு மேலும் கேமரா வைத்து, டைலரின் கையசைவைக் கணக்கிட்டு, யார் எத்தனை நொடி சும்மா இருந்தார் என்று காட்டும் ஏற்பாடு அது. உற்பத்தி கூடும் என்று சொன்னார்கள். நாள் முழுவதும் குனிந்து தைக்கும் ஒரு பெண் நிமிர்ந்து முதுகை நேராக்கும் நொடியையும் அது சும்மா இருந்ததாகவே எண்ணும். லைன் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பண்டல் (வெட்டிய பாகங்களின் கட்டு) வராதது, நூல் நிறம் மாறியது, மெக்கானிக் வர நேரமானது போன்றவை. டைலரின் கை அல்ல. எந்த மெஷினுக்கு எவ்வளவு நேரம் பண்டல் வரவில்லை என்று கணக்கெடுக்கும் ஏற்பாடு யாராவது கொண்டுவந்தால் வரவேற்போம் என்று சொல்லி அனுப்பினோம்.

ரகசியம் காப்பதைப் பற்றியும் கவனமாக இருக்க வேண்டும். பையரின் டிசைன் அடுத்த பருவத்துக்கானது; அது வெளியே போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இலவசக் கணக்கில் எதையும் ஏற்றக் கூடாது என்பதும், நாம் தரும் கோப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதி தரும் வணிகக் கணக்கில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்பதும் எங்கள் விதிகள். அதையும் பையருக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்கினோம். ஒரு பையர் மறுத்துவிட்டார், அவருடைய ஆர்டர்களை இன்றும் கையால்தான் ஒப்பிடுகிறோம். தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கி விவரம், மருத்துவச் சான்று எதையும் இதற்குள் கொண்டுவருவதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. சட்டம் இல்லாவிட்டாலும், வேலைக்குச் சேரும்போது நம்பிக் கொடுத்த காகிதத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது முறையல்ல.

பலனை எப்படி அளப்பது என்பதில் எங்களுக்குள் விவாதம் நடந்தது. எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கணக்கிடுவது எளிது, ஆனால் அது பெரிதாகப் பொருள் தராது. மிச்சமான நேரம் வேறு வேலையில் கரைந்துவிடும். பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் அனுப்பும் மாதிரி) முதல் முறையே அப்ரூவல் ஆகிறதா, கட்டிங் தொடங்கிய பிறகு மாற்றம் வருகிறதா, டெபிட் நோட்டுக்குக் காரணம் காகிதமா தையலா என்ற மூன்றைத் தனிப் பதிவேட்டில் குறித்துவருகிறோம். காகிதத்தால் வரும் சிக்கல் கண்கூடாகக் குறைந்திருக்கிறது. தையலாலும் டையிங்காலும் வருபவை அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை இந்த ஏற்பாடு தொடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் நண்பர்கள், பத்து இருபது மெஷின் வைத்திருப்பவர்கள், தங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு டெக் பேக் ஒப்பீடு தேவைப்படாது. அவர்களுடைய நஷ்டம் டிசியில் இருக்கிறது: வந்த பீஸ் எத்தனை, திருப்பிக் கொடுத்தது எத்தனை, எந்த டிசிக்குப் பில் போட்டோம், எது இன்னும் வரவில்லை. டிசியைப் படமெடுத்தால் எண்களை அட்டவணையாக்கித் தரும் வேலையை இன்றைய செயலிகள் நன்றாகவே செய்கின்றன. கையெழுத்து மோசமாக இருந்தால் மட்டும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு), குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காத நிறுவனம், கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவைக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கும் யூனிட்டார், தேதி வாரியாகத் தெளிவான பட்டியலோடு போய்க் கேட்டால், கேட்கும் குரலுக்கே வலு வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு செக்கிங் யூனிட்காரர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படி ஒரு பட்டியலை எடுத்துத் தன் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார். எங்களுக்கும் வருகிறது, எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அதை வைத்தே எங்கள் பதிவைச் சரிபார்க்கிறது.

துணி சோதனைக்கான கேமராவை இன்னும் வாங்கவில்லை. நிட்டிங் மெஷினிலேயே பொருத்தி நீடில் லைன் (ஊசிக் கோடு), ஓட்டை, லைக்ரா கட் (லைக்ரா இழை அறுந்தது) ஆகியவற்றைக் கண்டவுடன் மெஷினை நிறுத்தும் கேமராக்கள் வெற்று நிறத் துணியில் நன்றாக வேலை செய்வதை வேறு இடத்தில் பார்த்தோம். மெலாஞ்சிலும் (பல நிற இழை கலந்த துணி) மெல்லிய ஸ்ட்ரைப்பிலும் இல்லாத குறையைச் சொல்லி அடிக்கடி நிறுத்தியது. டையிங் முடிந்து வரும் துணியை 4-பாயிண்ட் முறையில் பார்க்கும்போது 3 அங்குலம் வரை நீளும் குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4 என்று போடுகிறோம். இதைக் கேமராவும் போடும். ஆனால் எங்களுக்குச் சண்டை வருவது பெரும்பாலும் ஷேடில் (நிறச் சாயலில்). ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் இருக்கும் இம்மி வித்தியாசத்தை, டி65 (பகல் ஒளி) விளக்கிலும் டிஎல்84 (கடை ஒளி) விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, இது பையர் ஒப்புக்கொள்வார், இது ஒப்புக்கொள்ள மாட்டார் என்று சொல்லும் எங்கள் ஃபேப்ரிக் இன்சார்ஜின் கண்ணுக்கு ஈடாக எதுவும் இதுவரை எங்களிடம் வரவில்லை. குறை உறுதியாகத் தெரிந்த சில ரோல்களையும், பையர் மறுத்த சில லாட்டுகளின் துண்டுகளையும் பெயரெழுதிக் குடோனில் எடுத்துவைத்திருக்கிறோம். அடுத்து எந்தக் கேமராக்காரர் வந்தாலும் முதலில் அவற்றைத்தான் மேசையில் விரிப்போம்.